தைலம் தேய்த்துக்கொண்டு போன முதல் நாள்

பாடாங் செராயிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குப் பல வருடமாக வேலைக்குப் போகிறேன். வலது தோள் பிடித்துக்கொண்டு கை எழும்பாமல் போனதில், என் கணவர்தான் கோணல்மாணலாகச் சடை பின்னிவிட்டார். டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

கையை இழுத்து முறுக்குவார்கள் என்று எனக்கு ஒரே பயம். அன்று காலை வலி மாத்திரை இரண்டு போட்டு, தோள் முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டு போனேன்.

அங்கே பிசியோதெரபி கொடுக்க இருந்தது ஒரு தமிழ்ப் பெண். "கைய தூக்குங்கக்கா. வலிக்குதா?"

"இல்லலா, நல்லாதான் இருக்கு." மாத்திரை புண்ணியத்தில் கை ஓரளவு எழும்பியது.

இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையோடு அருகில் வந்தவர் மூக்கைச் சுருக்கினார். "தைல வாசம் தூக்குதே. மாத்திரையும் சாப்பிட்டீங்களாக்கா?"

உண்மையைச் சொன்னேன். பட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லவேளைக்கா. வலிய மறைச்சிட்டா எங்க நிறுத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்? இத இழுத்திருந்தா இன்னும் மோசமாகியிருக்கும்லா."

அன்று அவர் எதையும் முறுக்கவில்லை. என்ன வேலை, எந்தப் பக்கம் படுப்பேன், சடை யார் பின்னிவிடுவது என்று கேட்டார். கை எவ்வளவு எழும்புகிறது என்று அளந்தார். சுவரில் விரல்களை மெல்ல ஏற்றும் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார். அவ்வளவுதான்!

இப்போதெல்லாம் உள்ளே நுழைந்ததும் என்ன மாத்திரை, எப்போது போட்டேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். வலித்தால் வாய்விட்டுச் சொல்கிறேன்.

போன வாரம் நானே சடை பின்னிக்கொண்டு போனேன். அந்தப் பெண் என் தோளைப் பார்க்கவில்லை. சடையைப் பார்த்துத்தான் சிரித்தார்.