நெருப்பில் குளிரும் பெட்டி

நெருப்பைப் பற்றவைத்தால் குளிரும் பெட்டி என்று என் அத்தான் மைக்கேல்ராஜ் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். தலத்தெருவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னிடமே கதை விடுகிறாரே என்று நினைத்தேன். பிறகு அதன் பின்புறத்தைக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்ரசர் இல்லை, சத்தம் இல்லை. அடியில் விரல் நுனி அளவுக்கு ஒரு நீலத் தீ நின்று எரிந்துகொண்டிருந்தது. சிரிப்பு போய்விட்டது. ஆட்கள் படுக்கிற வேனுக்குள் விடிய விடிய ஒரு தீ எரிவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் கீழவாஞ்சூர்க்காரர். துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டியே தலை நரைத்தவர். கரித்தூள் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. லாரிக் கண்ணாடி இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்த பிறகுதான் சாவியைப் போடுவார். துறைமுகத்துக் கரி பறந்து வந்து விழும் என்று அந்தப் பக்கத்து வீடுகளில் சோறு போடும் வரைக்கும் தட்டைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். இவர் அதற்கும் ஒரு படி மேல். ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு, சாவித் துவாரம் வரைக்கும் பழைய கைலியைக் கிழித்து அடைத்து, மேலே பழுப்பு டேப்பையும் ஒட்டிவிடுவார். காற்றுக் காலம் முடிந்து பிரித்தெடுத்தால் அந்தத் துணி அட்டக் கறுப்பாக இருக்கும். வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் அதை விரித்துக் காட்டி, இவ்வளவும் நம் நெஞ்சுக்குள் போயிருக்கும் என்பார். அதில் மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை. இருமல் மட்டும் அவரை விட்டபாடில்லை.

அவர் மனைவி இசபெல்லா என் கூடப்பிறந்த அக்கா. சுகர்காரி, இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை பஸ் பயணத்தில் சூடேறிக் கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அதற்குப் பிறகு வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. கொடைக்கானல் போய், தூசி விழாத தட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசையா இது? அத்தான் எப்படியாவது கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் வேன் வந்தது. அத்தானின் சித்தப்பா மகன் மார்ட்டின் பிரான்சிலிருந்து வந்து, ஒரு பெரிய வேனில் படுக்கை, அடுப்பு, இந்த ஃப்ரிட்ஜ் எல்லாம் பொருத்தி ஊர் ஊராகச் சுற்றினார். திரும்பிப் போகும்போது நீயே வைத்துக்கொள் என்று அத்தானிடம் விட்டுவிட்டார். வீட்டில் நின்றால் கரண்டில் ஓடும், வண்டி ஓடினால் பேட்டரியில் ஓடும், ரெண்டும் இல்லாத இடத்தில் கேஸில் ஓடும். அக்காவின் மருந்துக்காகவே ஆண்டவர் அனுப்பிய பெட்டி என்று அத்தான் தலைகால் புரியாமல் ஆடினார்.

முதல் வெள்ளோட்டம் தரங்கம்பாடி. போன அன்றே திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றார்கள். பெட்டி குளிரவே இல்லையாம். குளிருமா? கிளம்புகிற நேரத்தில் பெட்டியைப் போட்டு, சுடச்சுட மீன்குழம்புச் சட்டியை உள்ளே வைத்து, மணல் சரிவில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகும் பேட்டரியிலேயே விட்டிருக்கிறார். பேட்டரியும் படுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகக் கொடுத்தேன். முதல் நாளே வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிரவைக்க வேண்டும். சாமான் ஆறிய பிறகுதான் உள்ளே போக வேண்டும், அதுவும் காற்றுப் போக இடம் விட்டு. மருந்தைக் குளிர்த் தகட்டில் ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும், நின்றதும் கேஸுக்கு மாற்ற வேண்டும்.

அத்தான் எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் செய்தார். வீட்டு வாசலில் வேன் நிற்க மட்டம் பார்த்து சிமெண்ட் தளமே போட்டுவிட்டார். பெட்டியும் ஐஸாகக் குளிர்ந்தது. மழை விட்டதும் கொடைக்கானல் என்று முடிவாயிற்று.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வேனின் வெளிச்சுவரில் கீழே ஒரு கிரில், மேலே ஒரு கிரில் உண்டு. கீழே நல்ல காற்று வரும், மேலே சூடும் கேஸ் எரிந்த காற்றும் போகும். ஒருநாள் போனபோது அத்தான் கையில் டேப்போடு அந்தக் கிரில் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அத்தான், வீட்டை எப்படி வேணாலும் அடைச்சுக்குங்க. இதுல மட்டும் கை வைக்காதீங்க. இத அடைச்சா அந்தக் காத்து உள்ளதான் வரும். அதுக்கு வாசனையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆளு தூக்கத்துலயே போயிடும்."

"சரி மாப்ள, நா என்ன சின்னப் புள்ளையா," என்று டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த டேப் பைக்குள் போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவையும் கூப்பிட்டு அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் புயல் வந்தது. கரண்ட் போயிற்று, வாஞ்சூரில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அத்தானுக்கென்ன, வேன் இருக்கிறது, பெட்டி கேஸில் ஓடும். இருவரும் வேனிலேயே படுத்துக்கொண்டார்கள். முதல் நாள் போனில் அத்தான் குரலில் குஷிதான். ஊரே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறது, உன் அக்கா மருந்து ஜில்லென்று இருக்கிறது என்றார். அதோடு டவர் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. குரல் குடித்தவர் குரல்போல இழுத்தது. அவர் குடிக்கிறவர் இல்லை.

"பொட்டி குளிர மாட்டேங்குது மாப்ள. தீயக் கூட்டி வச்சிருக்கேன். அக்காவுக்கு நேத்துலேருந்து தலவலி, வாந்தி. சுகர் எறங்கிடுச்சுன்னு சீனித்தண்ணி குடுத்தேன். எனக்கும் தல கனமா இருக்கு. செத்த படுத்து எந்திரிச்சுப் பாக்குறேன்."

"அத்தான், மேல் கிரில் தொறந்திருக்கா?" என்று கத்தினேன். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். யார் நம்பரும் போகவில்லை.

பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. ஒரு இடத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டினேன். போய்ச் சேர உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. படுக்காதீங்க அத்தான், படுக்காதீங்க என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. மழை விட்டு, துறைமுகப் பக்கமிருந்து காற்று கறுப்பாக வீசியது.

வீட்டு வாசலில் அக்கா சேற்றில் கிடந்தாள். பக்கத்து வீட்டு அல்லி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுகர்காரிக்கு அடிக்கடி ஒன்றுக்கு வரும். எழுந்து கக்கூஸுக்கு நடந்தவள் பாதி வழியில் விழுந்திருக்கிறாள். மூச்சு இருந்தது. அந்தப் பாழாய்ப்போன வியாதிதான் அவளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது.

வேன் கதவை அவள் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தாள், தூசி போகக்கூடாதே என்று. திறந்தேன். அத்தான் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் சிவந்து, நல்ல ஆரோக்கியமான ஆள் தூங்குவதுபோல இருந்தது. கையைத் தொட்டேன். விறைத்திருந்தது.

பின்னால் ஓடிப் பார்த்தேன். இரண்டு கிரில்லிலும் ஈரக் கைலித் துணி, அதன்மேல் டேப். ஓரம் பிரியாமல், சுருக்கம் விழாமல், நிதானமாக ஒட்டியிருந்தார். பிய்த்து எறிந்தேன். துணியின் வெளிப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. உள்ளே தீ மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. கேஸைத் திருகி அணைத்தேன். படுபாவி மனுஷா, சொன்னேனே, சொன்னேனே என்று வேனைக் குத்தினேன். பெட்டியைத் திறந்தால் மருந்துக் குப்பி கைச்சூட்டில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, மறுநாள்தான் அக்கா கண்ணைத் திறந்தாள். என் கையைப் பிடித்து முதலில் மருந்தைத்தான் கேட்டாள். கெட்டுப்போய்விட்டது, இங்கே வேறு கொடுக்கிறார்கள் என்றேன்.

"அத்தான்கிட்ட சொல்லு தம்பி, போனா போவட்டும்னு. நா ஒண்ணும் நெனக்கல. மருந்து மேல கரி படக்கூடாது, படக்கூடாதுன்னு மழயில நின்னு ஒட்டுனாரு. தம்பி திட்டுவான்னு சொன்னேன், இந்தக் காத்து அடங்குற வரைக்குந்தான்னாரு. நீ அவரத் திட்டாத."

திட்டலக்கா என்றேன். அவரைக் கூப்பிடு என்றாள்.