நான்கு கிலோ குறைந்த இரண்டு நாள்

அன்று திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குள் ஆறு முறை வயிற்றுப்போக்கு. முந்தைய நாள் கனகம்மாசத்திரத்தில் உறவுக்காரப் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். ஏழாவது முறை போய்விட்டு வந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த எடை மெஷினை இழுத்து ஏறி நின்றேன். இரண்டு கிலோ குறைந்திருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போன்ற உடம்புள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்; இதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்வதில் பயனில்லை.

என் பெயர் எஸ்தர். வயது நாற்பத்து மூன்று. எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. திருத்தணியில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். கணவர் தானியேலுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான். இளைப்பதற்காகக் கொள்ளுக் கஞ்சி, பட்டினி, வெந்நீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று, சபையார் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தோடே, மலைக்கோயில் படிகளில் ஒரு மாதம் ஏறி இறங்கினேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். அப்படிப்பட்டவளுக்கு ஒரே காலையில் இரண்டு கிலோ!

அதனால் தண்ணீரைக் குறைத்தேன். குடித்தால் ஏறிவிடுமே. வயிற்றுப்போக்கு நிற்க மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரரும், "உங்க ஒடம்புக்கு ரெண்டு நாள் போனா ஒண்ணும் ஆவாதுங்க, தாங்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வழக்கமான ரத்தக்கொதிப்பு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினேன். அது உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும் வகை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மெஷின் நான்கு கிலோ குறைவு காட்டியது. அதன்மேல் நிற்கும்போதே கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த தானியேல், நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்னால் எழ முடியவில்லை. அவரால் தனியாகத் தூக்கவும் முடியவில்லை.

"பக்கத்து வூட்ல கூப்பிடறேன் இரு."

"வேணாங்க. என்னை இப்பிடி அவங்க பாக்க வேணாம்."

"செத்துப்போனா வந்து பாப்பாங்களே எஸ்தரு, அப்ப இன்னா பண்ணுவ?"

நான்கு பேர் சேர்ந்து இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் மூடி, ஆட்டோவரை தூக்கிப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. ஒருவர் என் செருப்பைக்கூட மறக்காமல் எடுத்து வந்தார்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பட்டை இரண்டு முறை பிய்த்துக்கொண்டு விலகியது. மூன்றாம் முறை அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தவர், "நூத்திப்பத்து இருக்கு, பரவாயில்ல" என்றார். பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ் தயங்கினார்.

"டாக்டர், இவங்க கைக்கு இந்தப் பட்டை பத்தாதுங்க. சின்னதுல பாத்தா கூடக் காட்டும். பெருசு எடுத்தாறேன்."

பெரிய பட்டையில் எண்பதுக்கும் கீழே இருந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. அந்த அம்மா மட்டும் தயக்கத்தோடு நின்றுவிட்டிருந்தால், என்னை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு அகப்படவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் நான் "ஸாரி சிஸ்டர்" என்றேன்.

"நீங்க ஏங்க ஸாரி சொல்றீங்க? குத்தறது நானு. தண்ணியில்லாம நரம்பு சுருங்கிக் கெடக்குது, அவ்ளோதான்." ஆறாவது குத்தில், புறங்கையில் ஏறியது.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றவேண்டிய கழிவு) ரத்தத்தில் மூன்று மடங்காகியிருந்தது. நீரிழப்பில் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். "இவ்ளோ பெரிய உடம்புல தண்ணி எப்படிங்க கொறையும்?" என்று தானியேல் கேட்டார்.

"கொழுப்புல தண்ணி ரொம்பக் கம்மிங்க. எடை கூட இருக்குன்னா தண்ணி கூட இருக்குன்னு அர்த்தமில்ல. ஒல்லியானவங்களுக்குக் கண்ணு குழி விழும், தோல் சுருங்கும், பாத்ததும் தெரிஞ்சிடும். இவங்களுக்கு அது சட்டுனு தெரியாது."

சிறுநீருக்குக் குழாய் வைத்தார்கள். பை காலியாகவே தொங்கியது. மறுநாள் மதியத்துக்குள் வராவிட்டால் டயாலிசிஸுக்கு (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) சென்னைக்கு அனுப்பவேண்டியிருக்கும் என்றார்கள். விடிந்ததிலிருந்து தானியேல் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் பண்ணுகிறாரா என்று கேட்டேன். "ஆங்" என்றார், கண்ணை எடுக்காமல்.

பதினொரு மணி இருக்கும்.

"வருது! எஸ்தரு, வந்துகினு கீது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கடுங்காப்பி நிறத்தில் விரற்கடை அளவு. நர்ஸ் சிரித்தபடி வந்து குறித்துக்கொண்டார். எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டியம்மாள் ஒருவர், முருகனைக் கூப்பிட்டு எனக்காகக் கும்பிட்டார். தானியேலும் பதிலுக்கு அவருக்குக் கைகூப்பினார். சாயங்காலத்துக்குள் நிறம் வெளுத்து, பை பாதி நிறைந்தது. சென்னைக்குப் போகவேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்முன் எடை பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்தது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. போனது கொழுப்பல்ல, என் ரத்தத்தில் ஓடவேண்டிய நீர். இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பழைய நிலைக்கு இறங்கியது. ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் மாற்றிக்கொடுத்தார்கள்.

இதைப் படிப்பவர்கள் என்னைப் போன்றவர்களாயிருந்தால், முதல் முறை போனதுமே உப்புச்சர்க்கரைக் கரைசலைக் குடியுங்கள். அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளை, வயிறு போகும் நாளில் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கைக்குப் பட்டை போதவில்லை என்றால் பெரியது கேளுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். எனக்கு இருந்த வெட்கம் கிட்டத்தட்ட என்னைக் கொன்றுவிட்டது.

பல வருடங்களாக இந்த உடம்பை நான் என்னுடையதாக நினைக்கவே இல்லை. இளைத்த பிறகு உடுத்தலாம், இளைத்த பிறகு ஊருக்குப் போகலாம் என்று என் நாட்களெல்லாம் இன்னும் வராத வேறொருத்திக்காகக் காத்திருந்தன. எடையைக் குறைக்க இப்போதும் முயல்கிறேன், டாக்டர் சொல்லும் வேகத்தில். ஆனால் அவளுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு கிரயப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தபோது தாகம் எடுத்தது. முன்பென்றால் பக்கம் முடியட்டும் என்றிருப்பேன். பாதி வரியில் நிறுத்தினேன்.

"இன்னா மேடம், நல்ல நேரம் போய்டும்ங்க" என்றார் எதிரே காத்திருந்தவர்.

"இருங்க சார், தண்ணி குடிச்சிட்டு அடிக்கிறேன்" என்றேன். அவசரமில்லாமல், ஒரு சொம்பு முழுவதையும் குடித்தேன்.