தம்பி மேடையில் சொன்ன என் மகள்

அன்று வெள்ளவத்தை மண்டபத்தில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களை முதலே சொல்லிவிடுகிறேன். மேடையில் என் தம்பி சுதன். பின்வரிசையில் நான். எனக்குப் பக்கத்தில், அன்றுதான் பழக்கமான கொம்பனித்தெரு முஸ்லிம் நானா ஒருவரும், அவருடைய மனைவியும், சின்ன மகளும். மிச்சமெல்லாம் சிரிக்க வந்த சனம். வராதவர்கள் மூன்று பேர். வவுனியா வீட்டில் என் மனைவி கௌரி, எங்கள் ஆறு மாத மகள், பிறந்த அன்றே போய்விட்ட எங்கள் முதல் பிள்ளை. கடைசியாகச் சொன்ன ஆளுக்காகத்தான் நான் கொழும்புக்கே போனேன்.

விடிய ஆறு மணி பஸ். வவுனியாவிலிருந்து கொழும்பு இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். டிக்கெட் ஆயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைய. டிரைவருக்குப் பின்னால் இருக்கக்கூடாது, சில்லுக்கு மேலேயும் இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடுவில் ஒரு சீற் பிடித்தேன். மதவாச்சி தாண்டுவதற்குள் வீட்டுக்கு இரண்டு தரம் போன் எடுத்துவிட்டேன். காஸ் சிலிண்டரைப் பூட்டியாச்சா, பிள்ளை பால் குடித்ததா என்று.

"பிள்ளை குடிச்சிட்டு நித்திரை. நீங்கள் எடுத்தா எழும்பிடும்," என்றாள் கௌரி.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டோ சீற்றுக்கு ரெக்சின் தைக்கிற குஷன் வேலை எனக்கு. தம்பி படித்தவன். கொழும்பில் ஒரு கம்பனியில் நாள் முழுக்கப் போனில் கதைக்கிற வேலை, சனி ஞாயிறில் மேடையேறிச் சனத்தைச் சிரிக்கவைப்பான். போன மாதம் அவன் கூப்பிட்டுச் சொன்னான்:

"அண்ணை, சிரிப்பு விழாவில எனக்கு அரை மணித்தியாலம் தந்திருக்கிறாங்கள். குடும்பம், புது அப்பா எண்டு செய்யப்போறன்."

"உனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லையேடா."

"உங்கட கதைதான். என்ர கதை மாதிரிச் சொல்லுவன். நீங்கள் போனில சொன்னதெல்லாம் எழுதி வச்சிருக்கிறன்."

பிள்ளை பிறந்ததிலிருந்து பயம் வருகிற நேரமெல்லாம் நான் கூப்பிடுகிற ஆள் அவன்தான். சிரிப்பான், ஆனால் போனை வைக்கமாட்டான். சொன்னதுகளில் பாதிக்கு மேல் எனக்கே மறந்துபோச்சு. ஆனால் ஒரு நாள் முதல் பிள்ளையைப் பற்றியும் சொன்னது நல்ல ஞாபகம்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் சடங்கு காணாத பிள்ளைக்குப் பேரும் இல்லை, திவசமும் இல்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து ஆண்கள் முழுகுவார்கள், அதோடு சரி. தாய்க்காரிக்கு முன்னால் அந்தக் கதையை எடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது இவன் மேடையில் சொல்ல, ஆராவது வீடியோ எடுத்துப் போட, அதைக் கௌரி பார்த்துவிட்டால்? போனில் மறித்தால் "பாப்பம் அண்ணை" என்பான். அதனால் நேரே போனேன்.

பத்து மணித்தியாலம் ஆகுமோ என்று பயந்த பஸ், பன்னிரண்டரைக்கே புறக்கோட்டையில் இறக்கிவிட்டது. கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ. மீட்டர் போடச் சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, றோட்டைப் பாருங்க, மீட்டர் ஓடிப்போகாது," என்றார் ஓட்டோக்காரர், ஹட்டன் பக்கத்து ஆள். இருநூற்றுத் தொண்ணூறு ரூபா. அவருடைய சீற்றில் தையல் விட்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

தம்பியின் அறை ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே. ஒரு கட்டில், ஒரு மேசைக்காற்றாடி, கண்ணாடியில் ஒட்டின துண்டுக் கடுதாசிகள். கீழே லொறியில் கம்பி இறக்கும் சத்தம். இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கி வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"மூத்ததைப் பற்றிச் சொல்லாத."

அவன் கை சோற்றில் நின்றது. "அண்ணை, அதுதான் இதில முக்கியமான இடம். அது இல்லாட்டி நீங்கள் சும்மா ஒரு பயந்தாங்கொள்ளி. அதைச் சொன்னாத்தான் அந்தாள் ஏன் இப்பிடிப் பயப்பிடுறார் எண்டு சனத்துக்கு விளங்கும்."

"நான் பயந்தாங்கொள்ளியாவே இருந்திட்டுப் போறன். அண்ணி தாங்கமாட்டா."

"அண்ணி சொன்னவவோ?"

"சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

"சரி. வெட்டுறன்," என்றான். பிறகு அவன் வடிவாகச் சாப்பிடவில்லை.

ஒத்திகை இருக்கிறதென்று அவன் முன்னுக்குப் போய்விட, நான் தனியே பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனேன். கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு, வலப்பக்கத்துக் குறுக்கு றோட்டு ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிந்து தெரிந்து மறையும். பஸ்ஸுக்குள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளவத்தையில் இறங்கினால் புடவைக்கடை, நகைக்கடை, அதுக்கு மேலே மாடிமாடியாகப் பிளாட். எல்லாம் தமிழ்ச் சத்தம்தான். ஆனால் வவுனியா டவுனில் பத்தடிக்கு ஒருத்தர் "எங்க வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்பார்கள். இங்கே நான் காலி வீதியில் அரை மணித்தியாலம் நடந்தேன், ஒரு மனிசர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

விழா ஒரு ஒழுங்கைக்குள் இருந்த மண்டபத்தில். தம்பி எனக்கு முன்வரிசைப் பாஸ் தந்திருந்தான். முன்னால் இருந்தால் என் முகத்தைப் பார்த்து அவன் தடுமாறுவானோ என்று, ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குப் பின்வரிசை டிக்கெட் எடுத்தேன். பக்கத்துச் சீற் நானா தானாகவே கதை கொடுத்தார். கொம்பனித்தெருவில் சாப்பாட்டுக் கடையாம். மடியில் இருந்த மகள் என் சேட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தபடி.

"தனியவா வந்தீங்க?"

"ஓம்."

"சிரிக்கிறதுக்குத் தனிய வாற ஆள இப்பதான் பாக்கிறன்," என்று அதுக்கும் சிரித்தார்.

நாலு மணிக்குத் தொடங்கியது. இரண்டாவதாகத் தம்பி வந்தான்.

"எனக்கு மகள் பிறந்து ஆறு மாசம்," என்றான். சனம் கைதட்டியது. "மனிசியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிக்கொண்டு வாறன். ஓட்டோக்காரனுக்குச் சொன்னன், அண்ணை மெல்லப் போங்கோ. போறார். இன்னும் மெல்ல. போறார். பின்னால ஒரு பிரேத ஊர்வலம் வந்துது. பாடையோட நடந்து வாறாங்கள். எங்களை முந்திக்கொண்டு போயிட்டாங்கள்! செத்தவருக்கு இருந்த அவசரம்கூட எங்களுக்கு இல்லை."

மண்டபம் குலுங்கியது. நானா தொடையில் அடித்துச் சிரித்தார். அந்த ஓட்டோவில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

"பத்தியம் எண்டு மாமி சரக்குக்கறி வைப்பா. மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்குத் தள்ளிவிடுவா. பிள்ளை பெத்தது அவ. வயித்துக் காயம் ஆறினது எனக்கு!"

"பிள்ளை மூச்சு விடுதோ எண்டு மூக்கடியில விரல் வைச்சுப் பாப்பன். விரலை நம்பேல்லை. கராச்சில கிடந்த ஓட்டோ சைட் கண்ணாடியைக் கழட்டிக்கொண்டு வந்து மூக்கடியில பிடிச்சன். மூச்சுப் பட்டுப் புகார் பிடிச்சுது. அப்பாடா! திரும்பிப் பார்த்தா மனிசி முழிச்சு இருக்கிறா. என்னெண்டு கேட்டா. பின்னால வாகனம் வருதோ எண்டு பாத்தனான் எண்டன்."

சிரிப்பு அடங்கச் சுணங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. கௌரி அன்று உண்மையில் அப்படிக் கேட்கவில்லை. கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒருக்கால் பிடித்துப் பார்த்தாள்.

அதுக்குப் பிறகுதான் அந்த இடம் வந்திருக்கவேண்டும். தம்பி மைக்கைக் கீழே இறக்கினான். இருட்டுக்குள் என்னைத் தேடினான் என்று நினைக்கிறேன். பிறகு, "சரி, மொட்டை அடிச்ச கதைக்கு வருவம்," என்றான். சனம் சிரித்தது.

நான் கேட்டது நடந்துவிட்டது. ஆறுதல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. என் வீட்டில் நடந்த எல்லாம் அந்த மேடையில் இருந்தது. மாமி இருந்தா, ஓட்டோக்காரர் இருந்தார், முன்பின் தெரியாத பிரேதம்கூட இருந்தது. அந்தப் பிள்ளை மட்டும் இல்லை. மூன்று வருடத்தில் அதன் கதையை நாலு பேருக்கு முன்னால் சொல்லவென்று வாய் திறந்தவன் ஒரே ஒருத்தன். அவன் வாயைப் பொத்தத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். சுற்றிவரச் சனம் சிரிக்க, எனக்கு அந்தச் சீற்றில் இருக்கக் கஷ்டமாக இருந்தது.

முடிந்து வாசலில் நின்றபோது நானா தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, மவளுக்கு மாஷா அல்லாஹ், கண்ணு படக்கூடாது."

"என்ர பிள்ளை இல்லை நானா. இவர்ட மகள். இவர் என்ர அண்ணை."

"அடப்பாவி! அப்ப நான் சிரிச்ச சிரிப்பெல்லாம் இவருக்கா சேரணும்?" என்று என் பக்கம் திரும்பினார். "மூத்த புள்ளயா?"

தம்பி நிலத்தைப் பார்த்தான்.

"ரெண்டாவது," என்றேன். "மூத்தது பிறந்த அண்டே போயிட்டுது."

சத்தமாகச் சொன்னேனோ மெல்லச் சொன்னேனோ தெரியாது. நானா மகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் என் தோளைப் பிடித்தார். பிறகு "வாறன் தம்பி" என்று சொல்லிப் போனார்.

புறக்கோட்டை பஸ் நிலையத்தில், வவுனியா பஸ் வெளிக்கிட முந்திக் கௌரிக்கு எடுத்தேன்.

"சனம் சிரிச்சதோ?"

"நல்லாச் சிரிச்சது."

"மூத்ததைச் சொல்லேக்க சனம் என்ன செய்தது?"

"அது உனக்கு எப்பிடி..."

"போன கிழமை சுதன் என்னட்டக் கேட்டவன், அண்ணி சொல்லட்டோ எண்டு. சொல்லு எண்டனான், என்னைக் கேட்டதை உங்களிட்டச் சொல்லாதை எண்டும்."

"நான் சொல்லவேண்டாம் எண்டிட்டன், கௌரி. உனக்காகத்தான்."

எனக்குப் பின்னால் கொண்டக்டர் "வவுனியா, வவுனியா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு பேர் வச்சிருந்தனான்," என்றாள். "ஒருத்தரும் கேக்கேல்லை."

"என்ன பேர்?"

சொன்னாள். அதை இங்கே எழுத அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

"சுதனிட்டச் சொல்லட்டோ?" என்றேன்.

"முதல் நீங்கள் வந்து அந்தப் பேரை என்னட்டச் சொல்லுங்கோ," என்று போனை வைத்தாள்.

பஸ் களனிப் பாலத்தைக் கடந்தபோது கொழும்பின் வெளிச்சங்கள் பின்னால் போயின. யன்னலைத் திறந்துவிட்டு அந்தப் பேரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் குரல் வரவில்லை. திரும்பச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒருக்கால் பார்த்தார். நான் ஆரையோ கூப்பிடுகிறேன் என்று விளங்கியிருக்கவேண்டும், கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார்.