அம்மாவின் காலும் என் காலும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. முத்தாண்டிக்குப்பத்தில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். சுரங்கத்தில் பணிபுரிந்த அப்பாவை மணந்து நெய்வேலிக்கு வந்தார். அப்பா பணிக்காலத்திலேயே காலமாகிவிட, அம்மாவுக்கு அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்று எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. வண்டியில் நான் பின்னால்தான் உட்கார வேண்டும்!

அப்படிப் போனபோதுதான் மார்க்கெட் அருகே நாய் குறுக்கே ஓடி, வண்டி சரிந்தது. இருவருக்கும் இடது கணுக்கால் முறிந்தது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்பது.

“இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு? கட்டு போட்டு வூட்டுலயே வெச்சிக்கலாம்” என்றார் உறவினர் ஒருவர்.

“ஏன், வயசானவ நடக்க வேணாமா?” என்று அம்மா கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இருவருக்கும் அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். “உங்க மகளுக்கு முந்திக் கூடிடும்மா. உங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் நாளாகும். ஆனா மனச விட்றாதீங்க” என்றார் டாக்டர்.

“அவ மொதல்ல நடக்கட்டுங்க. நான் பின்னாலயே வந்துடறேன்” என்றார் அம்மா.

டாக்டர் சொன்னபடியே எனக்குச் சீக்கிரம் தேறியது. அம்மாவுக்குத் தையல் போட்ட இடம் ஆறவே நாள் பிடித்தது. வீக்கம் வடியவில்லை. ஊன்றினால் உயிர் போகிற வலி. நான் நடப்பதைப் பார்த்து மனம் விட்டுவிடுவாரோ என்று பயந்து, நன்றாக நடக்க முடிந்த பிறகும் அவர் எதிரில் வாக்கரைப் பிடித்துக்கொண்டே நடமாடினேன். ஒருநாள் பால் பொங்குகிறதே என்று வாக்கரை விட்டுவிட்டு ஓடினேன். அம்மா பார்த்துவிட்டார்.

“ஏண்டி, எனக்காவவா நொண்டிக்கினு கெடந்த? உன் காலு கூடுச்சின்னா எனக்குப் பாதி வலி போச்சி. நாளைக்கே வேலைக்குக் கெளம்பு.”

மறுநாளே என்னைப் பள்ளிக்கூட வேலைக்கு விரட்டிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி தம்பியிடம், “நான் கத்துனா கண்டுக்காத, நீ புடிச்சி மடக்குப்பா” என்பாராம். எத்தனை பேருக்கு வரும் அந்த வைராக்கியம்! பல மாதங்கள் கழித்து, நான் பள்ளி விட்டு வரும்போது தெருமுனையில் கையில் எதையும் பிடிக்காமல் அம்மா நடந்து வந்துகொண்டிருந்தார். நடுத்தெருவில் நின்று அழுதேன். “எதுக்குடி அழுவுற? வா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்தபோதும் சக்கர நாற்காலியை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்குள் தானே நடந்து போனார். திரும்பி வரவில்லை.

இருவரும் படுத்துக்கிடந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட பிளாக்கின் எல்லா வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும், அந்தத் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா இருந்திருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே வந்து நன்றி சொல்லியிருப்பார். இந்த நினைவு மலரை எடுத்துக்கொண்டு, அவருக்காக நான் நடந்து வருகிறேன்.

— மகள்