மிதிங்க, புடிங்க, விடுங்க

பழைய கார்களுக்குப் பிரேக் சரிசெய்பவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை; பல் டாக்டரிடம் போகிற மாதிரி, வேறு வழியே இல்லாத பிறகுதான் வருவார்கள். பிரேக் ஆயில் பட்டு விரல் தோல் உரிந்த தோழர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆரணியில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்பவர்களுக்கு மட்டும்: பட்டில் சம்பாதித்த சிலருக்கு இரண்டே சீட் உள்ள பழைய கார் மேல் ஓர் ஆசை. என்ஜினுக்கு வேலூர் போவார்கள். பிரேக் சிலிண்டருக்கு என்னிடம்.

தறி எண்ணெய்

போளூர் ரோட்டில் ஒரு சிவப்பு கார் தானாக நின்றுவிட்டது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் சக்கரமெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிக் கிடக்கிறது. தள்ளினாலும் அசையவில்லை. பின்னால் பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சக்கரத்துக்குப் போகும் குழாயைத் தளர்த்தி ஆயிலைக் கசியவிட்ட பிறகுதான் அசைந்தது. கடைக்கு இழுத்து வந்து, பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். உள்ளே ரப்பர்களெல்லாம் போண்டா மாதிரி உப்பியிருந்தன. ஓனர் விசைத்தறி வைத்திருப்பவர். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதே என்று தறிக்கு விடும் எண்ணெயை ஊற்றியிருக்கிறார். ரப்பருக்கு அது ஆகாது என்றேன்.

“தறி ஒரு நாளும் இப்படி நடுரோட்டுல நின்னதில்லீங்களே” என்றார்.

காற்று எடுக்கும் வேலை

சிலிண்டரை மாற்றினால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். நான் காருக்கு அடியில் படுத்து “மிதிங்க, புடிங்க, விடுங்க” என்று கத்துவேன். உள்ளே இருப்பவர் அதன்படி பெடலை மிதித்து, நான் விடச் சொல்லும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முன்னாடியே காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

ஒரு நாள் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு முட்டி வலி, அதனால் அந்தம்மா மிதித்தார். இருவருக்கும் காலையிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை என்று அடியில் படுத்த பிறகுதான் தெரிந்தது.

“அவங்கள நல்லா மிதிக்கச் சொல்லுங்க” என்பார் அவர், என்னிடம்.

“மிதிச்சிகினுதான் இருக்கேன்னு சொல்லுங்க” என்பார் அந்தம்மா, அதுவும் என்னிடம்.

முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட இரண்டு பக்கத்துக்கும் செய்தி சொன்னேன். கடைசிச் சக்கரத்தில் அவர் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டார்: “ஏய், புடிச்சிகினு இருக்கியா, விட்டுட்டியா?”

“கல்யாணமான நாள்லருந்து புடிச்சிகினுதான் இருக்கேன். விடுன்னுதான் யாரும் சொல்லல.”

மாப்பிள்ளை ஊர்வலம்

தெள்ளார் பக்கம் நயினார் என்கிற தமிழ்ச் சமணர் வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பெண் வீட்டாரின் பழைய திறந்த கார். அதன் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்து லேத்துக்குப் போயிருந்தது, திரும்பி வரவில்லை; ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. பிரேக் இல்லாத வண்டியைத் தரமாட்டேன் என்றேன். பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. என்ஜினைப் போடக் கூடாது, ஆள் வைத்துத் தள்ள வேண்டும், நானும் கூடவே வருவேன் என்று சொல்லி, காரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மேளம் முன்னால், கார் பின்னால், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டையோடு நான் பக்கத்தில். ஏரிக்கரை இறக்கத்தில் கார் தள்ளுகிறவர்களை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஊதிக்கொண்டே ஓடினார். ஓடிப்போய்க் கட்டையைப் போட்டேன். குலுங்கி நின்றது. மாலை மாப்பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டது.

பிறகு சிலிண்டர் போட்ட காரை எடுக்கச் சம்பந்திகள் சேர்ந்து கடைக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க மெக்கானிக்குங்களா? கட்டை தூக்கிகினு வர்றது பொண்ணு வீட்டு வழக்கம்னு இல்ல நெனச்சேன்!”

படவேட்டிலிருந்து வந்தவர்

ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் வண்டிக்கு எல்லாச் சிலிண்டருக்கும் புது ரப்பர்கள் அடங்கிய கிட் வாங்கிப் போட்டுக் கொடுத்திருந்தேன். படவேடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டது. மேனேஜர் பிரேக்கை மிதித்தார். பம்பர் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்து, “பாத்து வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாம்.

நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நான் சக்கரங்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கும் ஒழுகல் இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டேன். “எல்லாம் சரியா இருக்கு சார்” என்றேன்.

“வண்டிக்குத்தான் கிட் இருக்கு. எனக்கு ஏதாவது வருதுங்களா?” என்றார்.

வண்டி சமயத்துக்கு நின்றுவிட்டது என்று சொல்ல ஒருவர் முழுசாகத் தன் காலில் நடந்து கடைக்குள் வந்தால், என் தொழிலில் அதற்கு மேல் நல்ல செய்தி கிடையாது.