மூடி கழற்றாத கமெரா

போன வாரம் பனி மூடிய பியோர்ண்டாலில், அதுவரை நான் தங்கியிருந்த நண்பன் குணாவின் வீட்டை விட்டு பஸ் தரிப்பிடம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கழுத்தில் கமெரா. சண்டை ஒன்றுமில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து விசாவுக்குக் காத்திருந்த அவன் மனைவி சுமதி அன்று காலைதான் வந்திறங்கியிருந்தாள். ஓர் அறை வீட்டில் மூன்றாவது ஆள் எதற்கு? நகரின் மறுகோடியில், வெஸ்ட்லியில் இன்னொரு நண்பனின் சோபா இருந்தது. வேலைதான் இல்லை. எனக்கு அது புதிதல்ல.

கமெரா பழைய ரஷ்யத் தயாரிப்பு. சந்தையில் ஒரு பீட்சா விலைக்கு வாங்கியது. பற்றரி வேண்டாம் — குளிரில் டிஜிட்டல் கமெராக்கள் செத்துப்போகும்போதும் இது 'டிக்' என்று வேலை செய்யும். அதன் சின்ன ஜன்னலின் நடுவே மங்கிய மஞ்சள் பொட்டு ஒன்று. அதற்குள் அகப்படும் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டும் மெல்ல நகர்ந்து ஒன்றாகும். கனவு கலையாமலே தெளிவது மாதிரி...

காலையில் விமான நிலையத்தில் ஒரு பிலிம் ரோல் முழுக்கப் படம் எடுத்திருந்தேன். ஊரில் சுமதியின் அம்மா அந்தப் படங்களுக்காகக் காத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்தால்தான் அவருக்கு நித்திரை வருமாம்.

பின்னால் பனி நொறுங்கும் சத்தம்.

"அண்ணா, நில்லுங்கோ."

குணாவின் பெரிய ஜாக்கெட்டுக்குள் சுமதி. அவள் பின்னால் குணா.

"காலமை எடுத்த படம் ஒண்டும் விழுந்திராது அண்ணா. முன்னுக்குக் கறுப்பு மூடி போட்டபடி கிடந்தது."

தடவிப் பார்த்தேன். இன்னமும் கிடந்தது. இந்த வகைக் கமெராவில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் உலகம் வெளிச்சமாகத்தான் தெரியும்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே தங்கச்சி?"

"நான் அழுதுகொண்டெல்லோ நிண்டனான். அந்த முகத்தை அம்மா பாக்க வேண்டாம் எண்டுதான் பேசாம இருந்தனான். இப்ப ஒண்டு எடுங்கோ."

"எனக்குக் கமெரா வகுப்பு எடுத்த ஆள் இவர்தான்," என்று என்னைக் காட்டிச் சிரித்தான் குணா.

புது ரோல் போட்டேன். மூடியைக் கழற்றி சுமதியின் கையிலேயே கொடுத்தேன். பின்னேரமே இருட்டத் தொடங்கி, வானம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. பொட்டுக்குள் இரண்டு குணா, இரண்டு சுமதி. வளையத்தைத் திருப்பினேன்... ஒரு குணா, ஒரு சுமதி. அவள் சிரித்தாள் — குளிர்தான், ஆனாலும் பரவாயில்லை அம்மா என்கிற சிரிப்பு.

டிக். சுமதி மூடியை என் கையில் திருப்பித் தந்தாள்.

மறுநாள் காலை ஒரு வேலை கிடைத்தது. விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் கதவருகே தரை துடைப்பது. கதவு திறக்கத் திறக்க யாராவது யாரையாவது கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

கமெராவும் என்னோடு வருகிறது — மூடியோடு.