ஆந்தைக்குப் பயம் போக வேண்டாம்

ஆர்டிஸ் பெர்க்லண்ட் ஹார்லோ கிரீக்கில் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நானும் பேருந்துதான் ஓட்டுகிறேன், நிறுத்துமிடத்தில் அவளுக்கு அடுத்த வண்டி என்னுடையது. அவளுக்குத் திக்குவாய். அதை அவள் மறைத்ததில்லை, நானும் மறைக்கப்போவதில்லை. அவள் ஒரு சொல்லைத் தொடங்கினால் எதிரில் நிற்பவர் முந்திக்கொண்டு முடித்துக் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் இதற்கு நல்ல மனசு என்று பெயர். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

அவள் இருபத்து நாலு வயதில் ஒரு டிசம்பர் மாலை, தொலைக்காட்சியில் வந்த கிறிஸ்துமஸ் பொம்மைப் படம் ஒன்றை டேப்பில் பிடித்து வைத்தாள். மணிச்சத்தத்துக்குப் பயப்படும் ஓர் ஆந்தையின் கதை. கடைசியில் ஊர் மணியெல்லாம் அடிக்கும். ஆந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, நடுநடுங்கி, ஆனாலும் பறந்து ஓடாமல் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் படம். பயம் போகாது, யாரும் போக்கவும் மாட்டார்கள். தன்னைப் போல ஒன்றை ஆர்டிஸ் திரையில் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று பனிப்புயல். ஆந்தை கண்ணை மூடுகிற நேரம் பார்த்து, மறுநாள் விடுமுறை விட்ட பள்ளிகளின் பெயர்கள் திரையின் அடியில் வரிசையாக ஓடும். அதுவும் டேப்பில் பதிந்துவிட்டது. வருஷா வருஷம் தீயணைப்பு நிலையக் கூடத்தில், கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷைத் தின்றுவிட்டு ஊரே அந்த டேப்பைப் பார்க்கும். நடுவில் பதிந்துபோன கம்பளக் கடை விளம்பரத்தைக் கூடவே ஒப்பிப்போம். எட்டாவதாக ஹார்லோ கிரீக் என்ற பெயர் ஓடியதும் கூடமே எழுந்து நின்று ஊளையிடும். என்றோ விட்ட விடுமுறைக்கு இத்தனை கொண்டாட்டம்!

இந்த வருஷம் நிலையத் தலைவன் டேரில் ஹாகன், அதே படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், அதைத்தான் போடுவோம் என்று முடிவு செய்துவிட்டான். சின்ன வயதில் ஆர்டிஸ் வண்டியில் போய்ப் படித்த பயல்தான். அவள் நேரே நிலையத்துக்குப் போனாள். நானும் போனேன்.

"பு... புதுசுல ஆந்தைக்குப் ப... பயம் போயிடுதாமே?"

"ஆமா, நல்லதுதானே? பசங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல."

"எனக்கு இது போகலையேடா, டேரில். அறுபத்தஞ்சு வ... வ..."

"வயசாச்சு," என்று முடித்துக் கொடுத்தான் அந்தப் புண்ணியவான்.

"வ... வருஷமா," என்றாள் ஆர்டிஸ். "போகலைன்னா இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

அவன் முடிவை மாற்றவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு அவள் கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். புதுப் படத்தில் ஆந்தைக்கு ஒரு அப்பா, அப்பாவுக்கு ஒரு சாவு, வாயை மூடாத ஓர் அணில், நாலு பாட்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான். அரைமணிக் கதையை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு இழுத்திருந்தார்கள்.

கடைசியில் மணி அடித்தது. இந்த ஆந்தை கண்ணை அகலத் திறந்து, கோபுரத்துக்குப் பறந்து, தானே மணியைப் பிடித்து ஆட்டியது. பெரியவர்கள் எல்லாரும் பழக்கதோஷத்தில் திரையின் அடியைப் பார்த்தோம். அங்கே ஒன்றும் ஓடவில்லை.

ஆர்டிஸ் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஆ... ஆல்டர் லேக். வி... விடுமுறை."

டேப்பில் முதலாவதாக ஓடும் பெயர் அது. டேரில் சத்தத்தைக் குறைத்தான். அடுத்த பெயரில் அவள் சிக்கியதும் பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுக்க வாயெடுத்தார்கள். பிள்ளைகள் சாலையைக் கடக்க வண்டிகளை நிறுத்துவாளே, அப்படிக் கையை நீட்டினாள். வாய் மூடிக்கொண்டது. ஒவ்வொரு பெயராகத் தானே சொன்னாள். எட்டாவது வந்தது.

"ஹ... ஹ... ஹ..."

ஊருக்கே தெரிந்த பெயர். ஒருவர் சொல்லவில்லை. அத்தனை பேரையும் அவள் காக்க வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

"ஹார்லோ கிரீக். வி... விடுமுறை."

முதலில் துள்ளி எழுந்தது டேரில். சீருடையோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஊளையிட்டான். அந்த விடுமுறை விட்டபோது அவன் பிறந்திருக்கவே இல்லை. பிறகு கூடமே எழுந்தது. திரையில் ஆந்தை நாலாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை.

சத்தம் அடங்கியதும் டேரில் முகம் சிவந்து அவளிடம் வந்தான்.

"டேப் எங்க இருக்கு, ஆர்டிஸ்?"

"வ... வ... வ..."

அவன் கைகட்டி நின்றான்.

"வண்டியில," என்றாள். "நீயே போய் எ... எடுத்துட்டு வா."